மிதித்தால் சார்ஜ் ஏறும்: சைக்கிள் டைனமோ எவ்வளவு கொடுக்கும்?

நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைக் கொண்டுவர வேண்டிய நாள், முன்பதிவு செய்த விவசாயிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. வங்கிக் கணக்குக்கு ஓ.டி.பி. எண் வருகிறது. வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே மொபைல் ஸ்டார்ட்டரில் ஓட விடுபவர்கள் பெருகிவிட்டார்கள். மழை எப்போது வரும் என்று பார்ப்பதும், நெல்லில் புகையான் தெரிந்தால் படம் பிடித்து அனுப்பிக் கேட்பதும் போனில்தான். மழைக்காலத்தில் வரப்பில் பாம்பு கடித்துவிட்டால் 108-ஐ அழைப்பதற்கும் அதே போன்தான். பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டால் இத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்தைத் தேடிப் போய், வரிசையில் நின்று போனுக்குச் சார்ஜ் ஏற்றிய அனுபவம் அந்தப் பகுதி மக்களுக்கு மறக்காது.

அப்படிப்பட்ட நாட்களில் டீசலும் வெயிலும் இல்லாமல் கொஞ்சம் மின்சாரம் எடுக்க ஒரு வழி இருக்கிறது. முன்பெல்லாம் ஊரில் பாதி சைக்கிள்களில் இருந்த டைனமோதான் அது. அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா, எவ்வளவு ஏறும், என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கென்யாவில் செய்து பார்த்தது

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவில் செல்போன் பரவிய வேகத்துக்குக் கிராமங்களில் மின்சாரம் பரவவில்லை. பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், காசு கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரும் நிலை இருந்தது. 2009-ம் ஆண்டு நைரோபி பல்கலைக்கழகத்தில் படித்த 2 மாணவர்கள், கெட்டுப்போன ரேடியோ, டி.வி.யில் இருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டு, சைக்கிள் டைனமோவில் இயங்கும் போன் சார்ஜர் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த விலை 350 கென்ய ஷில்லிங்.

அடுத்த ஆண்டு நோக்கியா நிறுவனமும் அதே நைரோபியில் சைக்கிள் சார்ஜர் ஒன்றை அறிமுகம் செய்தது. டைனமோ, சார்ஜர், போனை ஹேண்டில்பாரில் பிடித்து வைக்கும் தாங்கி ஆகியவை அதில் சேர்ந்து வந்தன. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம் ஓட்டினால் சுமார் 28 நிமிடம் பேசலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. இந்தக் கணக்கு அந்தக் காலத்துப் பட்டன் போனுக்கானது. இன்றைய ஸ்மார்ட்போனுக்குப் பொருந்தாது.

டைனமோவுக்குள் நடப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் பாட்டில் வடிவ டைனமோவைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அதன் தலையில் இருக்கும் சிறு உருளை சுற்றும்போது உள்ளே காந்தம் சுற்றுகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுதான். நம் ஊர் மின்நிலையங்களும் இதே விதியில்தான் ஓடுகின்றன. சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும்போது டைனமோவின் உருளை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கும் மேல் சுற்றும்.

பெரும்பாலான டைனமோக்களில் 6 வோல்ட், 3 வாட் என்று எழுதியிருக்கும். அதாவது சுமார் அரை ஆம்பியர் மின்சாரம். முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்று விளக்குக்காகவே அளந்து செய்தது இது. போனை அப்படியே இதில் மாட்ட முடியாது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, டைனமோ கொடுப்பது ஏ.சி. மின்சாரம், போனுக்கு வேண்டியது டி.சி. இரண்டாவது, டைனமோவின் வோல்ட் ஒரே அளவில் நிற்பதில்லை. மெதுவாக மிதித்தால் 2, 3 வோல்ட் வரும். விளக்கோ போனோ இணைக்காமல் வேகமாக மிதித்தால் 20 வோல்ட்டையும் தாண்டிவிடும். போனின் சார்ஜ் துளைக்கு வேண்டியது 5 வோல்ட்தான். நேரடியாகக் கம்பியை இணைத்தால் போன் வீணாகிவிடும்.

ஊறும் அளவுக்கே இறைக்கலாம்

டைனமோவைப் புரிந்துகொள்ளக் கிணற்று ஊற்றை நினைத்துக்கொள்ளலாம். ஊற்று சிறியதாக இருந்தால் 10 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினாலும் தண்ணீர் கூடாது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் காற்று வாங்கி நின்றுவிடும். டைனமோவும் அப்படித்தான். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதன் சுருள் அரை ஆம்பியருக்கு மேல் பெரிதாக விடாது.

பட்டன் போன் கேட்பதே அரை ஆம்பியர் அளவில்தான். அதனால் டைனமோவுக்கும் அதற்கும் பொருந்திப் போகிறது. ஸ்மார்ட்போன் 1 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று கேட்கும். அவ்வளவு கிடைக்காதபோது வோல்ட் இறங்கி, சார்ஜ் ஏறுவது நிற்கும்; மறுபடி தொடங்கும்; மறுபடி நிற்கும். சில போன்கள் கிடைக்கும் அளவுக்குத் தம் தேவையைக் குறைத்துக்கொள்ளும். சில போன்கள் அப்படிச் செய்வதில்லை. இதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு சார்ஜ்?

டைனமோவின் 3 வாட்டும் போனுக்குப் போய்ச் சேராது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போதும், வோல்ட்டை 5-க்குக் கொண்டுவரும்போதும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நல்ல சாலையில், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் போனுக்கு 2 வாட் சேருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

பட்டன் போன் பேட்டரி பொதுவாக 1,000 மில்லி ஆம்பியர்-மணி அளவு இருக்கும். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 3.7 வாட்-மணி. ஆக, காலியான பேட்டரி நிரம்ப சுமார் 2 மணி நேரம் ஓட்ட வேண்டும். வயல் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 6 கிலோமீட்டர். சுமார் அரை மணி நேரம். அதில் பேட்டரியின் கால் பங்கு ஏறிவிடும். ஒருமுறை நிரப்பினால் பல நாள் நிற்கும் பட்டன் போனுக்கு இது தாராளம்.

ஸ்மார்ட்போனில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் அது சுமார் 19 வாட்-மணி. அதே 6 கிலோமீட்டர் ஓட்டினால் ஏறுவது 5 சதவிகிதம்தான். முழுதாக நிரப்ப 9, 10 மணி நேரம் மிதிக்க வேண்டும். அதுவும் திரையை அணைத்து, டேட்டாவை நிறுத்தி வைத்திருந்தால்தான். திரையை ஏற்றி வைத்து வீடியோ பார்த்தால், ஏறுவதும் செலவாவதும் சரியாகப் போய்விடும்.

எனவே டைனமோவை நம்பி ஸ்மார்ட்போனை ஓட்ட முடியாது. ஒரு பட்டன் போனை உயிரோடு வைத்திருக்க முடியும். அணைந்துபோன ஸ்மார்ட்போனில் 2, 3 அவசர அழைப்புக்கு வேண்டிய சார்ஜை ஏற்ற முடியும். மின்சாரம் இல்லாத நாட்களில் இவ்வளவு கிடைத்தாலே குடும்பத்துக்குப் பெரிய உதவி.

என்னென்ன வேண்டும்?

ஊரில் டி.வி., ரேடியோ, போன் பழுது பார்க்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் இதை ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். புதிய டைனமோவும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை இவைதான்:

1. நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ். ஏ.சி.யை டி.சி.யாக்குவது இது. 'ஷாட்கி' வகை டையோடு போட்டால் வீணாகும் மின்சாரம் குறையும்.

2. ஒரு கெப்பாசிட்டர். 2,200 மைக்ரோ ஃபாரட் அளவும், 63 வோல்ட் தாங்கும் திறனும் இருப்பது நல்லது. மின்சாரம் விட்டுவிட்டு வராமல் சீராக இருக்க இது உதவும்.

3. வோல்ட்டை 5-க்கு இறக்கும் 'பக் கன்வெர்ட்டர்' பலகை. 40 வோல்ட் வரை தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 7805 என்ற பழைய வகை ரெகுலேட்டரிலும் வேலை நடக்கும். ஆனால், அதற்கு 7 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 5 வோல்ட் கொடுக்கும். மிச்சத்தை வெப்பமாக்கி வீணடிக்கும்.

4. அளவுக்கு மீறி வோல்ட் ஏறினால் தடுக்கும் ஒரு 'ஜீனர்' டையோடு.

5. யூ.எஸ்.பி. சாக்கெட், மழைநீர் புகாத சிறு பிளாஸ்டிக் டப்பா, நல்ல செப்புக் கம்பி.

காரிலும் டிராக்டரிலும் சொருகும் போன் சார்ஜர் பலர் வீட்டில் கிடக்கும். 12-24 வோல்ட் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குள் இருப்பதும் வோல்ட் இறக்கும் பலகைதான். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் மட்டும் சேர்த்து இதைப் பயன்படுத்தலாம். ஆனால், சில சார்ஜர்கள் 8 வோல்ட்டாவது வந்தால்தான் வேலையைத் தொடங்கும். மேலும், 24 வோல்ட்டுக்கு மேல் போனால் கெட்டுவிடக்கூடும். அதனால் இந்த முறையில் ஜீனர் கட்டாயம்.

ஃபிரேமைத் தொடக் கூடாத கம்பி

இந்த வேலையில் பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். டைனமோவில் இருந்து ஒரு கம்பிதான் வெளியே வரும். மற்றொரு முனை டைனமோவின் உடல்; அது கிளாம்ப் வழியாகச் சைக்கிள் ஃபிரேமோடு சேர்ந்திருக்கும். பிரிட்ஜின் இரண்டு ஏ.சி. முனைகளில் ஒன்றில் டைனமோ கம்பியையும், மற்றொன்றில் ஃபிரேமில் இருந்து எடுத்த கம்பியையும் இணைக்க வேண்டும். அதன்பிறகு பிரிட்ஜில் இருந்து வரும் டி.சி. மைனஸ் கம்பி எங்கேயும் ஃபிரேமைத் தொடக் கூடாது. தொட்டால் பிரிட்ஜின் ஒரு டையோடு ஷார்ட் ஆகி, சார்ஜ் சரியாக ஏறாது. அதற்காகத்தான் இரும்பு டப்பா இல்லாமல் பிளாஸ்டிக் டப்பா.

ஃபிரேமில் கம்பியைப் பொருத்தும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். டைனமோ ஓடவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்துத் துருவால் வருபவைதான்.

போனை மாட்டும் முன் மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்த்துவிட வேண்டும். மெதுவாக மிதித்தாலும், வேகமாக மிதித்தாலும் யூ.எஸ்.பி.யில் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 5.25 வரை பரவாயில்லை. முதல் சோதனையை விலை குறைந்த பழைய போனில் செய்வது நல்லது.

ஸ்டாண்டு போட்டு மிதிக்கலாம்

பாட்டில் டைனமோவின் பெரிய குறை மழை. டயர் நனைந்தால் உருளை வழுக்கும், மின்சாரம் குறையும். நமக்குத் தேவைப்படுவதோ மழைக்காலத்தில்தான். இதற்கு நம் ஊர்ப் பெரிய சைக்கிளிலேயே தீர்வு இருக்கிறது. டைனமோவை முன்சக்கரத்தில் மாட்டாமல் பின்சக்கரத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கேரியர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். திண்ணையிலோ, தாழ்வாரத்திலோ நிறுத்தி, டயரைத் துடைத்துவிட்டு மிதிக்கலாம். ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற வேண்டும்.

பெரிய சைக்கிளில் நிமிடத்துக்கு 45 முதல் 50 சுற்று பெடலை மிதித்தால், சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். அதற்கு மேல் வேகம் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் மிதித்தால், 4 பேரில் பட்டன் போன் நிரம்பிவிடும். சிறு பிள்ளைகள் செயினிலோ, ஆரத்திலோ கை வைத்துவிடாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மிதிப்பது கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். பாட்டில் டைனமோ நாம் கொடுக்கும் உழைப்பில் பாதிக்கும் மேல் உராய்விலும் வெப்பத்திலும் இழந்துவிடும். டைனமோவைச் சாய்வாகப் பொருத்தினால் கனம் கூடும். டயரின் பக்கவாட்டும் தேயும். டைனமோவின் நடு அச்சை ஒரு கோடாக நீட்டிப் பார்த்தால் அது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை நோக்கி இருக்க வேண்டும். உருளை டயரில் அழுத்தமாகப் பதிய வேண்டும். ஆனால் டயர் உள்ளே அமுங்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

தினமும் மின்சாரம் வரும் வீட்டுக்கு டைனமோ தேவையில்லை. வெயில் காயும் நாட்களில் 10 வாட் சோலார் பலகை ஒரே பகலில் கொடுப்பதை டைனமோவில் எடுக்க நாள் முழுக்க மிதிக்க வேண்டும். நிரப்பி வைத்த 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க், பட்டன் போனைப் பல முறை நிரப்பும். டிராக்டரோ, பைக்கோ இருந்தால் அதன் பேட்டரியில் இருந்தும் சார்ஜ் ஏற்றலாம்.

பவர் பேங்க் தீர்ந்து, வானம் மூடிக் கிடந்து, பெட்ரோல் பங்கும் மூடியிருக்கும் மூன்றாவது, நான்காவது நாளில்தான் டைனமோவின் அருமை தெரியும். செல்போன் கோபுரமும் சாய்ந்துவிட்டால் பேச முடியாது என்பது உண்மைதான். அப்போதும் பட்டன் போனின் டார்ச் எரியும். இயர்போன் மாட்டினால் எஃப்.எம். ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்கலாம். கோபுரம் வேலை செய்யத் தொடங்கும்போது கையில் உயிருள்ள போன் இருக்கும்.

கடலோர, டெல்டா மாவட்டத்து விவசாயிகள் ஐப்பசி மழை தொடங்கும் முன்பே இதைச் செய்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்துவிட வேண்டும். புயல் அடித்த பிறகு மெக்கானிக் கடையிலும் கரன்ட் இருக்காது. ஸ்மார்ட்போன் மட்டும் வைத்திருக்கும் வீட்டில் ஒரு பட்டன் போனையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. உறவினர், மருத்துவமனை, மின்வாரியம், வேளாண்மை உதவி அலுவலர் எண்களையும், கிசான் கால் சென்டரின் இலவச எண் 1800 180 1551-ஐயும் அதில் பதிந்து வையுங்கள்.

கேள்வி - பதில்

பரணில் பழைய டைனமோ கிடக்கிறது. வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது?

உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டு இழுப்பது போலத் தெரிந்தால் காந்தத்தில் வலு இருக்கிறது. பிறகு சைக்கிளில் மாட்டி, 6 வோல்ட் பல்பை இணைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் எரிய வேண்டும். ஆர்வத்தில் டைனமோவைப் பிரிக்க வேண்டாம். பழைய வகை டைனமோக்களில் காந்தத்தை வெளியே எடுத்தாலே வலு குறைந்துவிடும்.

இரவில் விளக்கும் எரிய வேண்டும், போனுக்கும் சார்ஜ் ஏற வேண்டும். முடியுமா?

3 வாட்டில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பல்பு எரிந்தால் போனுக்கு மிச்சம் இருக்காது. ஒரு சுவிட்ச் வைத்து, பகலில் போனுக்கும் இரவில் விளக்குக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் விளக்குக்குத்தான் முதலிடம்.

போன் நிரம்பிவிட்டால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாதபோது வோல்ட் ஏறிவிடும். போனைக் கழற்றும் முன் சைக்கிளை நிறுத்தி, டைனமோவை டயரில் இருந்து விலக்கிவிடுங்கள். மிதிக்கவும் லேசாக இருக்கும்.

போனில் இருந்து பேட்டரியைக் கழற்றி, டைனமோவில் நேரடியாக சார்ஜ் ஏற்றலாமா?

கூடவே கூடாது. லித்தியம் பேட்டரியில் அளவுக்கு மீறி மின்சாரம் ஏறினால் வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். சார்ஜை அளந்து நிறுத்தும் அமைப்பு போனுக்குள்தான் இருக்கிறது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் பேட்டரியை எந்த சார்ஜரிலும் போடாதீர்கள்.

ஓட்டும்போது போனை எங்கே வைப்பது?

ஹேண்டில்பாரில் கட்டிய பையிலோ, இருக்கைக்கு அடியில் உள்ள பையிலோ, பாலித்தீன் உறைக்குள் வைக்கலாம். கம்பியை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தொங்கினால் ஆரத்தில் சிக்கி ஆளையே கீழே தள்ளிவிடும். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.